ஓநாய் ஆட்டத்தைச் சமன்படுத்திய கதை

இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே தோழி முதல் இரவிலேயே செத்துப்போனாள். இரண்டாவது வாரம் அவளுக்குக் கிடைத்தது குறிசொல்லி கார்டு. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைக் கவனித்தேன். ஐந்தே நிமிடத்தில் ஓநாய்கள் அவளைக் கைகாட்டிவிட்டன. செத்தவர் பேசக்கூடாது என்பது விதி. மற்ற எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் வாதாட, அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஆட்டத்தை நடத்தியது நான். இதைச் சரிசெய்யாமல் அடுத்த ஆட்டத்துக்கு யாரையும் கூப்பிடக்கூடாது என்று அப்போதே தீர்மானித்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒன்பது பேரில் இரண்டு பேர் ஓநாய். அவர்கள் யார் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். இரவில் எல்லோரும் கண்ணை மூட, ஓநாய்கள் ஒருவரைக் கொல்லும். பகலில் எல்லோரும் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள். இரண்டு ஓநாயும் போனால் ஊர் ஜெயிக்கும். ஓநாய்களின் எண்ணிக்கை ஊர்க்காரர்களுக்குச் சமமாகிவிட்டால் ஓநாய்க்கு வெற்றி. 1986-ல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடோவ் உருவாக்கிய 'மாஃபியா' என்ற ஆட்டம்தான் இதன் மூலம். அந்த ஆட்டத்துக்கு ஓநாய் வேடம் போட்டுவிட்டது 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின். குறிசொல்லி இரவுக்கு ஒருவரைச் சுட்டி அவர் ஓநாயா என்று கேட்கலாம். வைத்தியர் ஒருவரைச் சாவிலிருந்து காப்பாற்றலாம். எங்களிடம் இருந்த சிறப்பு ரோல்கள் இவை இரண்டும்தான்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சிறப்பு ரோலே இல்லை, யாருக்கும் எந்தத் துப்பும் இல்லை, ஓட்டு வெறும் குருட்டாம்போக்கில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேரோடு பகலில் தொடங்கினால் ஊர் ஜெயிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம். நாங்களோ இரவில் தொடங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் செத்து எட்டுப் பேரோடு பகல் விடியும். அப்போது வாய்ப்பு 16 சதவீதத்துக்கும் கீழே. ஒரே ஒரு கொலை ஊரின் பலத்தைப் பாதியாக்கிவிடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

காரணம் ஒற்றைப்படை, இரட்டைப்படை. கடைசி நாலு பேரில் ஒரு ஓநாய் இருந்தால் ஊருக்கு ஒரே ஒரு ஓட்டுதான் மிச்சம். அது சரியாக விழ வாய்ப்பு நாலில் ஒன்று. மூன்று பேர் இருந்தாலும் அதே ஒரு ஓட்டுதான், ஆனால் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதாவது இரட்டைப்படையில் கூடுதலாக இருக்கும் அந்த நல்லவர், தவறாகச் சுட்டப்பட இன்னொரு ஆளாக மட்டுமே நிற்கிறார். ஊருக்கு ஒரு பகல்கூட அதிகமாகக் கிடைப்பதில்லை.

அதனால் முதல் மாற்றம் எளிது. முதல் இரவில் கொலை கிடையாது, குறிசொல்லி மட்டும் ஒருவரைப் பார்க்கலாம். கார்டு கிடைத்தவர் எல்லோருக்கும் ஒரு பகலாவது பேசக் கிடைக்கும். அதோடு, இரட்டைப்படையில் ஆட்கள் இருக்கும் பகலில் ஊர் விரும்பினால் யாரையும் வெளியேற்றாமல் விடலாம் என்றும் சேர்த்தேன். பத்தாவது ஆள் வந்த வாரம் அது கைகொடுத்தது.

ஆனால் இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. குறிசொல்லி முதல் இரவிலேயே ஓநாயைச் சுட்ட நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அவரைத் தவிர்த்த எட்டுப் பேரில் இரண்டு ஓநாய் அல்லவா. அப்படி விழுந்துவிட்டால் காலையில் எழுந்து "நான்தான் குறிசொல்லி, இவர் ஓநாய்" என்பார். ஓட்டுப் போட்டு வெளியேற்றினால் அது உண்மை என்று தெரிந்துவிடும். அப்புறம் வைத்தியர் ஒவ்வொரு இரவும் குறிசொல்லியையே காப்பாற்றுவார். மிச்சமிருக்கும் ஓநாய்க்குச் செய்ய ஒன்றுமே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரண ரோல். ஒன்றாகச் சேர்ந்தால் ஆட்டத்தை மூடிவிடுகின்றன. அப்படி முடிந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகு, ஓநாயாக இருந்த நண்பன், "நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய பிழை. வைத்தியரின் பலத்தைக் குறைக்க ஒரு பகடை வைத்தேன். அவர் ஒருவரைக் காப்பாற்ற முயன்றால், நான் ரகசியமாகப் பகடை உருட்டுவேன். இரட்டைப்படை விழுந்தால் பலிக்கும், இல்லாவிட்டால் பலிக்காது. தாளில் பாதியாகக் குறைந்துவிட்டது, சரி. ஆட்டத்தில் நடந்தது வேறு. ஒரு நண்பர் இரண்டு பகல் முழுக்க எல்லோருடைய பேச்சையும் கவனித்து, ஓநாய்கள் அடுத்து யாரைக் குறிவைக்கும் என்று இரண்டு இரவும் மிகச் சரியாகக் கணித்தார். இரண்டு முறையும் பகடை கைவிட்டது. ஆட்டம் முடிந்து நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, "அப்போ நான் யோசித்ததற்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று ஆட்டத்தோடு பகடையை எடுத்துவிட்டேன். ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு இரவு காப்பாற்றக்கூடாது என்ற விதி போதுமானதாக இருந்தது. அந்த விதியை ஓநாயும் கணக்கில் எடுக்கலாம், வைத்தியரும் எடுக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் ஊகிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி எனக்குள் பல நாள் ஓடிக்கொண்டே இருந்தது. அதிர்ஷ்டம் வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் இந்த ஆட்டத்தில் பொய் சொல்லவே இடமிருக்காது. ஆனால் யோசித்து முடிவெடுத்த பிறகு வரும் அதிர்ஷ்டம் அந்த முடிவை அழிக்கிறது. முடிவெடுப்பதற்கு முன்பே வந்துவிட்டால் யோசிக்க ஏதாவது தருகிறது. அதனால் அதிர்ஷ்டத்தைக் கார்டு பகிரும் இடத்துக்கு நகர்த்தினேன்.

ஐந்து சிறப்பு ரோல் எழுதினேன்: குறிசொல்லி, வைத்தியர், சாகும்போது ஒருவரைக் கூட இழுத்துக்கொண்டு போகும் வேட்டைக்காரர், ஒரு வீட்டுக்கு இரவில் யாராவது வந்தார்களா என்று பார்க்கும் காவல்காரர், இரண்டு ஓட்டு உள்ள ஊர்த்தலைவர். ஐந்தில் மூன்றைக் குலுக்கி எடுப்பேன். எந்த மூன்று என்று ஊருக்குத் தெரியாது. எடுக்காத இரண்டு கார்டையும் ஓநாய்களுக்கு மட்டும் காட்டுவேன். தீயவர்களுக்கு இப்படிப் பாதுகாப்பான பொய்யைத் தரும் யோசனை 'பிளட் ஆன் த கிளாக்டவர்' என்ற இதே வகை ஆட்டத்தை விளையாடியபோது கிடைத்தது. அதில் தீய பக்கத்தின் தலைவருக்கு ஆட்டத்தில் இல்லாத மூன்று நல்ல ரோல்களைச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் ஆட்டம் மாறியது இதனால்தான். ஐந்தில் இரண்டு முறை குறிசொல்லியே ஆட்டத்தில் இருக்கமாட்டார். அப்போது ஓநாய் துணிந்து "நான் குறிசொல்லி" என்று எழுந்தால் மறுக்க யாரும் இல்லை. உண்மையான குறிசொல்லி எழுந்தாலும் ஊர் அப்படியே நம்பிவிடாது. அவர் எப்போது சொல்கிறார், யாரைச் சுட்டுகிறார், ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். இன்னொன்றும் சேர்த்தேன். சாதாரண ஊர்க்காரர் ஒருவரை நான் மனதுக்குள் குறித்துக்கொள்வேன். குறிசொல்லி அவரைப் பார்த்தால் ஓநாய் என்று தெரியும். அவருக்கே அது தெரியாது. பிறகு "இவர் ஓநாய்" என்ற சொல் தீர்ப்பாக இல்லாமல் சாட்சியமாக மாறிவிட்டது.

இடையில் ஒரு தடுமாற்றம். புது விதியில் பத்து ஆட்டம் ஆடியதில் ஏழில் ஊர் ஜெயித்தது. உடனே ஓநாயைப் பலப்படுத்தப் போனேன். நல்லவேளை, அதற்குமுன் ஒரு கணக்குப் போட்டேன். துல்லியமாகச் சமமான ஆட்டத்திலேயே பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ ஏதாவது ஒரு பக்கம் ஜெயிப்பது மூன்றில் ஒரு தடவை நடக்கும். பத்து ஆட்டம் எதையும் நிரூபிக்காது. அதனால் வெற்றி தோல்வியை மட்டும் எழுதுவதை விட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டுக் குறிக்க ஆரம்பித்தேன்: "எந்த இடத்தில் உன் முடிவு ஆட்டத்தைத் திருப்பியது?" ஒருவருக்குச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அவர் கையில் இருந்த கார்டைத்தான் மறுபடி பார்க்கிறேன்.

இப்போது அந்தப் பட்டியலில் இருப்பது ஊர்த்தலைவர் கார்டு. ஓட்டை எண்ணும்போது ஒருவருக்கு இரண்டு ஓட்டு என்று தெரிந்ததும் அவர் நல்லவர் என்பது எல்லோருக்கும் உறுதியாகிவிடுகிறது. கடைசி மூன்று பேரில் அவர் இருந்தால் சந்தேகப்பட இரண்டே பேர்தான், குருட்டு ஓட்டின் வாய்ப்பும் மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்ந்துவிடும். பலத்தைவிட, அந்த பலம் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்வதுதான் சிக்கல். அடுத்த முறை கையைத் தூக்காமல் சீட்டில் எழுதி ஓட்டுப் போடப் போகிறோம். ஊர்த்தலைவரின் பெயரைச் சொல்லாமல் நானே அவர் ஓட்டை இரண்டாக எண்ணிச் சொல்வேன். கூட்டினால் ஒரு ஓட்டு அதிகமாக வரும், அது யாருடையது என்று மட்டும் தெரியாது. முதல் இரவில் செத்துக்கொண்டிருந்த அந்தத் தோழிதான் சீட்டு யோசனையைச் சொன்னாள். கார்டையும் அவளே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.