மகளின் முதல் ஸ்பீடிங் ரிக்கெற்: வழக்காடுவதா, கட்டிவிடுவதா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜி2 லைசென்ஸோடு (முழு லைசென்ஸுக்கு முந்தைய இரண்டாம் படி, முதல் படி ஜி1) ஓடும் பிள்ளைக்கு முதல் ஸ்பீடிங் ரிக்கெற் கிடைத்தால் இரண்டு விதமான அறிவுரைதான் வரும். ஒன்று, "சின்னக் காசுதானே, கட்டிப்போட்டு விடு." மற்றது, "ஒருநாளும் கட்டாதே, ஃபைட் பண்ணு, பொலிஸ் கோர்ட்டுக்கு வரமாட்டான்." என் மகளுக்கு வயது 17. அவளுக்கு இந்த இரண்டும் ஒரே பின்னேரத்தில் கிடைத்தன, ஒன்று அவளுடைய மாமாவிடமிருந்து, மற்றது அவருடைய சிநேகிதரிடமிருந்து. இரண்டையும் விட்டுவிட்டு நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பதை எழுதுகிறேன். ஸ்காபரோவில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

விசயம் இதுதான். வேகத்தின் எல்லை மணிக்கு 60 கிலோமீற்றர். மறித்த பொலிஸ்காரர், "நீ 94இல் வந்தாய், நான் 75 என்று எழுதுகிறேன்" என்று சொல்லி ரிக்கெற்றைக் கொடுத்திருக்கிறார். அதாவது எல்லைக்கு மேல் 15. அபராதம், நீதிமன்றச் செலவு, அதற்கு மேல் போடும் சேர்ப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து 52 டொலர் 50 சதம். டீமெரிட் புள்ளி, அதாவது குற்றத்துக்காக லைசென்ஸில் ஏற்றும் தண்டப் புள்ளி, ஒன்றும் இல்லை. மகளோ தான் 80க்கு மேல் போகவே இல்லை, பக்கத்து லேனில் ஒரு வான் தன்னை முந்திக்கொண்டு போனது, ராடாரில் அதுதான் பட்டிருக்கும் என்றாள். நான் அவளை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அவளுக்குக் கோபம் காசுக்காக இல்லை, செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக. அந்தக் கோபத்தை "சரி சரி, விடு" என்று அமத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் "கட்டிவிடு" என்பதைப் பார்ப்போம். பலருக்குத் தெரியாத விசயம், ரிக்கெற்றுக்குக் காசு கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றே அர்த்தம். புள்ளி பூச்சியம் என்றாலும் தண்டனை லைசென்ஸ் பதிவில் ஏறிவிடும். இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது புள்ளியை இல்லை, அந்தப் பதிவை, அதுவும் பொதுவாக மூன்று வருடத்துக்கு. இளம் பிள்ளை காரில் இருந்தால் இன்சூரன்ஸ் எவ்வளவு என்பது இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், ஆகவே 52 டொலரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை. எங்கள் புரோக்கரிடம் கேட்டேன். ஒரே ஒரு சிறிய தண்டனைக்குப் பிரீமியம் கூட்டுவதா இல்லையா என்பது கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம், இரண்டாவது வந்தால்தான் உண்மையில் இடிக்கும் என்றார்.

ஒன்றும் செய்யாமல் கிடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ரிக்கெற் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும்: கட்டலாம், எர்லி ரெசலூசன் என்று, விசாரணைக்கு முதலே பேசி முடிக்க, புரொசிகியூட்டரை (வழக்குத் தொடரும் தரப்பின் வழக்குரைஞரை) சந்திக்கக் கேட்கலாம், அல்லது நேரே விசாரணை கேட்கலாம். பேசாமல் இருந்தால் ஆள் இல்லாமலே குற்றவாளியாகத் தீர்த்துவிடுவார்கள், அபராதம் கட்டாமல் விட்டால் லைசென்ஸையும் நிறுத்துவார்கள்.

இனி "ஃபைட் பண்ணு." இதில்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஜி1, ஜி2 பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நான்கு புள்ளியோ அதற்கு மேலோ உள்ள ஒரு குற்றத்துக்குத் தண்டனை வந்தால் முதல் தடவையிலேயே 30 நாள் லைசென்ஸ் போய்விடும், இரண்டாவது தடவை 90 நாள், மூன்றாவது தடவை லைசென்ஸே ரத்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எல்லைக்கு மேல் 30 முதல் 49 வரை என்றால் நான்கு புள்ளி. 60இல் 94 என்றால் 34 மேல். இன்னும் ஆறு கூடி 100 என்று சொல்லியிருந்தால் ஸ்டண்ட் டிரைவிங் என்ற இன்னும் பெரிய குற்றம், அந்த இடத்திலேயே லைசென்ஸும் போய், காரையும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எழுதியிருப்பது 75தானே, 94 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பொலிஸ்காரர் இரக்கப்பட்டுக் குறைத்து எழுதினாலும் தன் குறிப்பில் 94 என்றுதான் எழுதி வைத்திருப்பார். வழக்கை விசாரணைக்குக் கொண்டுபோனால், ரிக்கெற்றில் உள்ள வேகத்தைப் பழையபடி 94 ஆக மாற்றும்படி புரொசிகியூட்டர் கேட்கலாம். இப்படி மாற்ற முடியும் என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமே 2009இல் வின்லோ வழக்கில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அப்படி மாற்றி, தோற்றும் போனால், 52 டொலரில் முடிய இருந்தது நான்கு புள்ளியிலும் ஒரு மாதம் கார் இல்லாமலும் முடியும். மாமாவின் சிநேகிதருக்கு இது தெரியாது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அவர் முன்பு வழக்காடி வென்றது குறைத்து எழுதப்படாத ரிக்கெற்.

பொலிஸ் வரமாட்டார் என்பதையும் நம்பியிருக்க முடியாது, ஒரு அதிகாரியின் வழக்குகள் பலவற்றை ஒரே நாளில் சேர்த்துப் போடுவார்கள், அது அவர்களுக்கு வேலை நாள். எங்கள் ஆட்களிடம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு, பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ரிக்கெற் செல்லாது என்று. எங்கள் நீளப் பெயர்களை யார் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்? மகளின் பெயரிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த மாதிரிச் சின்னப் பிழையை நீதிமன்றம் திருத்திவிட்டு வழக்கைத் தொடரலாம்.

பாராலீகல்களையும், அதாவது இந்த மாதிரிச் சின்ன வழக்குகளில் வாதாட உரிமம் உள்ளவர்களையும், கேட்டோம். ஒருவர் பல நூறு டொலர் சொல்லி, வெற்றி நிச்சயம் என்றார். வெற்றி நிச்சயம் என்று சொல்கிறவரிடம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இன்னொருவர் காசு வாங்காமல் பேசினார், முதல் கேள்வியே "றோட்டில பொலிஸ் சொன்ன வேகம் என்ன?" என்பதுதான். 94 என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு மகளோடு பேச வேண்டும் என்றார். "பிள்ளை, நீர் எவ்வளவில போனனீர்?" என்று கேட்டார். "78, 80 இருக்கும் அங்கிள்." "ரிக்கெற்றில 75தானே இருக்கு?"

மகள் ஒன்றும் பேசவில்லை. ஒன்ராறியோவில் வேகக் குற்றத்துக்கு எண்ணம் தேவையில்லை, தெரிந்து போனீரா தெரியாமல் போனீரா, எல்லோரும் அப்படித்தான் போனார்களா என்பதெல்லாம் எடுபடாது, வேகம் மட்டும்தான் கேள்வி. அவள் சொல்லும் உண்மையையே நீதவான் முழுதாக நம்பினாலும், ரிக்கெற்றில் உள்ள 75ஐ அவளே ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். 94 பிழை என்று நிரூபிக்க நின்றால், நிரூபித்த பிறகும் 75 அப்படியே இருக்கும்.

அதற்குப் பிறகும் நான் அவளிடம் "கட்டு" என்று சொல்லவில்லை. லைசென்ஸ் அவளுடையது, பதிவு அவளுடையது. சட்டமும் 16 வயதிலிருந்து இந்த விசயத்தில் பெரியவராகத்தான் பார்க்கிறது. அவள் எர்லி ரெசலூசன் கேட்டாள். காரணத்தையும் சொன்னாள்: "அப்பா, கட்டுறதெண்டாலும் அவங்களிட்ட என்ன இருக்கெண்டு கேட்டுட்டுத்தான் கட்டுவன்." எனக்கு அது பிடித்திருந்தது.

சந்திப்பு ஸூமில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம், காசு இல்லை, இதைப் புதிதாக வந்த பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மகளுக்குத் தேவைப்படவில்லை. நான் கமராவுக்கு வெளியே இருந்தேன், வாய் திறக்கவில்லை, அது லேசான காரியம் இல்லை. என்ன கருவியால் வேகம் பார்த்தார்கள், அதை அன்று சோதித்தார்களா, பக்கத்தில் வேறு வாகனம் இருந்ததாகக் குறிப்பில் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். புரொசிகியூட்டர் மரியாதையாகவே பதில் சொன்னார்: வேலைக்கு முன்னும் பின்னும் கருவி சோதிக்கப்பட்டதாகக் குறிப்பில் இருக்கிறது, வானைப் பற்றி ஒன்றும் இல்லை, இது ஏற்கெனவே குறைத்த ரிக்கெற், இதற்குக் கீழே தன்னால் இறங்க முடியாது, விசாரணைக்குப் போனால் 94 ஆக மாற்றும்படி கேட்பார்கள். வேறொரு குற்றமாக, வீதிக் குறியீட்டை மதிக்காததாக, மாற்றலாமா என்று கேட்கும்படி ஒருவர் சொல்லியிருந்தார். பாராலீகல் முதலே வேண்டாம் என்றிருந்தார், ஏனென்றால் அதற்கு இரண்டு புள்ளி, இருப்பதைவிடக் கூட.

அவள் 75ஐ ஒப்புக்கொண்டாள். சமாதான நீதவான், விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது தெரியுமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டு, அபராதம் கட்டத் தவணையும் கொடுத்தார்.

ரிக்கெற்றில் 34 மேல் என்றே எழுதியிருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கும். அப்போது குறைந்தது நான்கு புள்ளிக்குக் கீழே இறக்கும்வரை விட்டிருக்க மாட்டோம், பாராலீகலுக்குக் கொடுக்கும் காசும் அதற்குப் பெறுமதி. விசாரணை கேட்டால் பொலிஸின் குறிப்பை முழுதாகத் தரும்படி எழுத்தில் கேட்கலாம், அதைப் படித்துவிட்டே அடுத்ததை யோசிக்கலாம். ஆகவே உங்கள் பிள்ளை ரிக்கெற்றோடு வந்தால் ஏச முதல் இரண்டு விசயத்தைக் கேளுங்கள்: கடதாசியில் எத்தனை, வாயால் சொன்னது எத்தனை. இரண்டையும் அன்றைக்கே எழுதி வையுங்கள், பிறகு மறந்துபோகும்.