முதல் பன்னிரண்டு பக்கம்

போகிக்கு வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து ஒரு துணிப்பை இறங்கியது. போன வருடம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியிலிருந்து தூக்கி வந்த அதே பை. பதினொரு புத்தகங்கள், பத்து சதவீதத் தள்ளுபடி போக 2,340 ரூபாய், பில்கள்கூட அப்படியே உள்ளே கிடந்தன. ஒன்றே ஒன்றை மட்டும் எப்போதோ வெளியே எடுத்திருப்பேன் போல, 23ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மீதி பத்தும் அச்சகத்து வாசனை மாறாமல் இருந்தன. "இந்த வருஷமும் போகணுமா?" என்றார் வீட்டுக்காரர். போனோம். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஒரு காலத்தில் நான் நன்றாகப் படிக்கிற ஆள்தான். ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகு வராந்தாவில் எரியும் ட்யூப்லைட்டுக்குக் கீழே கொசுக்கடியோடு உட்கார்ந்து விடிய விடிய ஒரு நாவலை முடித்துவிட்டு, மறுநாள் பரீட்சையில் தூங்கி வழிந்ததெல்லாம் உண்டு. இப்போது வயது 43. பாரிமுனையில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன், வீடு குரோம்பேட்டை, பையன் ஒன்பதாவது. யாராவது கேட்டால் "எங்க நேரம் இருக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அதையும் என் போனே ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிட்டது. திரை நேரம், தினசரி சராசரி, 3 மணி 50 நிமிடம்.

சரி, திருந்துவோம் என்று எல்லோரும் சொல்கிற யோசனையைத்தான் முதலில் பிடித்தேன். தினமும் பத்தே பத்து நிமிடம் படி, அது போதும், பழக்கம் தானாக வந்துவிடும். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பத்து நிமிடம். மூன்று வாரம் விடாமல் செய்தேன். வரவில்லை. பல் தேய்ப்பது மாதிரி ஆனதே தவிர, ஒரு நாள்கூடக் கதைக்குள் போகவில்லை. என்னிடம்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, ரீல்ஸ் பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மேரியேன் உல்ஃப் சொன்ன ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படிக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்வதையே தொழிலாக வைத்திருக்கிற அமெரிக்கப் பேராசிரியை அவர். இளம் வயதில் தனக்கு மிகவும் பிடித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பெரிய நாவல் ஒன்றை வருடங்கள் கழித்து மறுபடி எடுத்தபோது, அவராலேயே படிக்க முடியவில்லையாம். திரையில் மேய்கிற வேகத்திலேயே கண் ஓடியிருக்கிறது. பிறகு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று உட்கார்ந்து, இரண்டு வாரம் போல ஆன பிறகுதான் பழைய நிதானம் திரும்பியதாக எழுதியிருக்கிறார். அவருக்கே இந்தக் கதியென்றால் கணக்கு எழுதுகிற எனக்கு என்ன வெட்கம் என்று ஒரு தைரியம் வந்தது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கணக்கு வேலை பார்க்கிறவளுக்குக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான், டிக் போட்டுப் பார்ப்பது. காலையில் வேலைக்குப் போக பீச் ஸ்டேஷன் வரை போகிற மின்சார வண்டியில் அந்த 23ஆம் பக்கப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டேன், கையில் ஒரு பென்சில். போனை எடுக்கக் கை போகிற ஒவ்வொரு தடவையும், எடுக்கிறேனோ இல்லையோ, அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு டிக். குரோம்பேட்டையிலிருந்து பீச் வரைக்கும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன். முதல் நான்கு பக்கத்தில் ஒன்பது டிக். அடுத்த நான்கில் ஐந்து. அதற்கடுத்த நான்கில் இரண்டு. பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் ஒன்றோ என்னவோ, அதுவும் சேத்துப்பட்டில் பக்கத்தில் இருந்தவருக்கு போன் வந்த சத்தத்தால்.

ஒரு வாரம் இதே மாதிரி டிக் போட்டேன். எண்ணிக்கை முன்னே பின்னே இருந்தாலும் எல்லா நாளும் அதே வடிவம்தான். கை எப்போது போகிறது என்பதும் தெரிந்தது. புதுப் பெயர் ஒன்று வந்தால் போகிறது, பக்கம் திருப்புகிற இடத்தில் போகிறது, இரண்டு பக்கத்துக்கு வசனமே இல்லாமல் வர்ணனை வந்தால் கட்டாயம் போகிறது.

இதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பத்து நிமிட யோசனை எனக்கு ஏன் சரிப்படவில்லை என்று புரிந்தது. எனக்குக் கஷ்டமே முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான். தினமும் அந்தக் கஷ்டத்தை மட்டும் சரியாக அனுபவித்துவிட்டு, ருசி ஆரம்பிக்கிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். கரும்பின் தோலை மட்டும் தினமும் கடித்துவிட்டுத் துப்பினால் கரும்பு எப்படிப் பிடிக்கும்?

ஆனால் டிக் விஷயத்தில் ஒன்று மட்டும் இடித்தது. சாயங்கால வண்டியில் பதினைந்து நிமிடத்திலேயே நெற்றிப்பொட்டு வலிக்கும், எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதே வரியை மூன்று தடவை படிப்பேன். கவனம் சிதறுகிறது என்றுதான் அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா சிரித்தார். "ஏம்மா, புஸ்தகத்தை அவ்வளவு தூரத்துல புடிச்சிருக்க? வெள்ளெழுத்தாம்மா?" பார்த்தால் உண்மையாகவே கையை முழுக்க நீட்டித்தான் பிடித்திருக்கிறேன். சனிக்கிழமை போய்க் கண்ணைக் காட்டினால் ஒன்றே கால் பவர். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போய்ப் பக்கத்தில் இருப்பது மங்கலாவது எல்லோருக்கும் வருகிறதுதான். போனில் தெரியாமல் போனதற்குக் காரணம், எழுத்தின் அளவை இரண்டு தடவை பெரிசாக்கி வைத்திருந்ததுதான், எப்போது செய்தேன் என்றுகூட ஞாபகமில்லை. புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. பழுப்பேறிய தாளில் பொடி எழுத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு ஒரு வருடமாக மனதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் யாராவது "முன்ன மாதிரி படிக்க முடியல" என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி, கண்ணாடி பார்த்தாயிற்றா என்பதுதான்.

கண்ணாடி வந்தது. படிக்கிற இடம் வண்டிதான் என்று வைத்துக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து கிளம்பும் வண்டியென்றால் குரோம்பேட்டையில் சில நாள் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் கிண்டியில் கூட்டம் இறங்கும்போது கட்டாயம் கிடைத்துவிடும். போன் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில். பையனின் பள்ளியிலிருந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்பதால் அணைப்பதில்லை. ஆனால் எடுக்க வேண்டுமென்றால் ரசம் பாட்டிலை நகர்த்தி, மோர் டப்பாவைத் தூக்கி, கவிழ்ந்துவிடாமல் பார்த்து எடுக்க வேண்டும், அதற்குள் பாதி ஆசை போய்விடும். மகளிர் பெட்டியில் ஏகப்பட்ட சத்தம், ஹேர்கிளிப் விற்கிறவர், மாமியார் கதை, சாயங்காலமானால் மடியில் தாளை விரித்துக் கீரை ஆய்கிறவர்கள், எல்லாம் உண்டு. அது எதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. வீட்டின் அமைதியில்தான் என்னால் படிக்க முடியவில்லை, அந்த அமைதிக்குள் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. வண்டியில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

என் பாட்டியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஐந்தாவதுதான் படித்தவள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, மேலே காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருப்பாள். பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரமோ வேறு கதையின் வாலோ இருக்கும். அடையாளத்துக்குத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி. உதடு அசைய, பாதிக் குரலில்தான் படிப்பாள். "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகம் என்றதும் இன்று மலைப்பவர்கள், கல்கி பத்திரிகையில் 1950இலிருந்து 1954 வரை அதை வாராவாரம் படித்தவர்களை நினைத்துப் பார்க்கலாம். யாரும் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து முடிக்கவில்லை.

அந்தத் தொடர்கதைக் காலத்திலிருந்து இரண்டு விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று, முன்கதைச் சுருக்கம். வண்டியில் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல், நேற்றுப் படித்ததில் கடைசி ஒன்றரைப் பக்கத்தை மறுபடி படிக்கிறேன். ஏற்கெனவே தெரிந்த பக்கம் என்பதால் சுலபமாக ஓடும், அந்த ஓட்டத்திலேயே புதுப் பக்கத்துக்குள் போய்விடலாம். கடைசி வெற்றுத்தாளில் பாத்திரங்களின் பெயர், யாருக்கு யார் என்ன உறவு என்றும் எழுதி வைக்கிறேன். இன்னொன்று, தொடரும். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்துவதில்லை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திறக்கப் போகிறாள், அங்கே மூடிவிட வேண்டும். அன்று முழுக்க வவுச்சர் சரிபார்க்கும்போதும் அந்தக் கதவு தட்டிக்கொண்டே இருக்கும். இவை இரண்டும் வந்த பிறகு முதல் நான்கு பக்கத்தின் டிக் ஒன்பதிலிருந்து மூன்றாகிவிட்டது. நீளமான வாக்கியம் வந்து கண் வழுக்கினால் பாட்டி மாதிரி உதட்டை அசைத்துப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்லோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள், நல்லதுதான்.

இன்னொன்றைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவீர்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பிளாட்பாரத்தில் (பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது) 150 ரூபாய்க்கு ஒரு பழைய நாவல், 740 பக்கம், வாங்கினேன். நின்றுகொண்டு ஒரு கையில் கம்பியையும் மறு கையில் அதையும் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பிளேடை எடுத்து முதுகில் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துவிட்டேன். பிரிந்து கிடந்ததைப் பாட்டி தைத்தாள், தைத்து வந்ததை நான் பிரித்தேன். வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. ஆனால் 740 பக்கம் பையில் கிடந்தபோது இருந்த பயம் 250 பக்கத்துக்கு இல்லை.

பிடிக்காத புத்தகத்தை விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் அது தோல்வி மாதிரி இருக்கும், அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்று ஆறு மாதம் எதையுமே தொடாமல் இருந்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ஒன்று உண்டு. அப்படியென்றால் எனக்கல்லாத நூலும் இருக்கத்தானே செய்யும். ஐம்பது பக்கம் பார்ப்பேன், முன்கதைச் சுருக்கம், கண்ணாடி, உட்கார இடம் எல்லாம் இருந்தும் டிக் குறையவில்லையென்றால் அது எனக்கில்லை. இதனாலேயே இப்போது வாங்குவதைவிடக் கிளை நூலகத்தில் எடுப்பது அதிகம், விட்டுவிட்டால் காசு போயிற்றே என்ற வருத்தம் கிடையாது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி எப்படியும் கட்டுகிறோம், 1948ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. நூலகப் புத்தகத்தில் பென்சில் வைக்கக் கூடாது என்பதால் டிக்கெல்லாம் தனித் துண்டுத்தாளில்.

வருடத்துக்கு நூறு புத்தகம் என்று கணக்கு போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. அலுவலகத்தில் போடுகிற கணக்கே போதும். ஜனவரிக் கடைசியிலிருந்து இப்போது வரை ஆறு முடித்திருக்கிறேன், மூன்றை விட்டிருக்கிறேன், அந்தப் பரண் பையில் இன்னும் எட்டு பாக்கி.

ஒரே தொல்லை, ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இன்னமும் படிக்க வரவில்லை. நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன், நாலு பக்கத்தில் துணி காய்ந்திருக்குமா என்று கண் போகிறது. போன வாரம் நாவலின் மூன்றாவது துண்டு, கடைசி அறுபது பக்கம் இருந்தது, இருப்பே கொள்ளவில்லை. சீசன் டிக்கெட் இருக்கிறதே என்று மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை எங்க?" என்றார் வீட்டுக்காரர். "பீச்சுக்கு." பையன் உடனே செருப்பைத் தேடினான். மெரினா இல்லடா, பீச் ஸ்டேஷன் என்றதும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தான்.

பெட்டி காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேற்றைய ஒன்றரைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பீச்சில் எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை, அதே வண்டி தாம்பரத்துக்குத் திரும்பியது. கோடம்பாக்கம் தாண்டும்போது கடைசிப் பக்கம் முடிந்தது. பையில் வேறு புத்தகம் எடுத்து வரவில்லை. டிபன் பாக்ஸும் இல்லாததால் போன் மேலேயே இருந்தது, எடுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.