காகிதம் நடுங்கிய சத்தம்

மே 29

மூன்று வரி நன்றியுரையில் மானம் போயிற்று. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். "நன்றியுரைதானே சார், ரெண்டு நிமிஷம், நீங்களே சொல்லிடுங்க" என்று காலையில்தான் சொன்னார்கள். எழுதி வைத்துக்கொண்டேன். மைக் முன்னால் நின்றதும் கையிலிருந்த ஒற்றைத் தாள் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அந்தச் சத்தம் மைக்கில் ஏறி, ஸ்பீக்கர் வழியாக எனக்கே திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் கை இன்னும் உதறியது. ஓய்வு பெறுகிறவரை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் நன்றி சொல்லி இறங்கிவிட்டேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 4

நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போய் ஒரு பேச்சுப் பயிற்சிக் குழுவில் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு பேர், வியாழன்தோறும் மாலையில் கூடுகிறார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணி. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய முறை அது. தனியாக ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒருவர் பேசுவார், இன்னொருவர் மதிப்பிடுவார். ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை வைத்துக்கொண்டு நேரம் காட்டுவார். இன்னொருவருடைய வேலை இதைவிடக் கொடுமையானது: பேசுகிறவர் எத்தனை முறை 'ஆ', 'ம்ம்' போட்டார் என்று எண்ணி, கடைசியில் எல்லார் முன்னாலும் படிப்பார்.

"இன்னிக்கு நீங்க சும்மா பார்த்தாப் போதும்" என்றார்கள். நம்பினேன். முடிகிற நேரத்தில் ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார்கள். 'குடை' என்று இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். குடை மழைக்கு உதவும் என்றேன். வெயிலுக்கும் உதவும் என்றேன். அதற்குமேல் குடைக்கு என்ன இருக்கிறது? 34 நொடியில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணுகிறவர் எழுந்து என் கணக்கைப் படித்தார்: "வந்து — ஒன்பது."

ஜூன் 6

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று தேடிப் படித்தேன். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, எச்சில் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, விரல் நடுங்குகிறது. துரத்த வருகிற மிருகத்துக்கும் உட்கார்ந்து பார்க்கிற பன்னிரண்டு பேருக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை.

இதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மன அழுத்தத்தைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்க, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும், அப்புறம் ஐந்து நிமிடம் வாய்விட்டுக் கழித்தல் கணக்குப் போட வேண்டும். இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, மனுஷனைக் கலங்கடிக்கப் பேசச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது! நாங்களோ அதை வாராவாரம் வலியப் போய்ச் செய்துகொள்கிறோம்.

மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டிச் செய்து பார்க்கிறேன். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. படபடப்பு போகவில்லை. குரல் கீச்சென்று மேலே போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிது.

ஜூன் 11

முதல் உரை. நாலு முதல் ஆறு நிமிடம். தலைப்பு, நான் நீச்சல் கற்றுக்கொள்ளாத கதை. ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணாடி முன் மூன்று முறை தடங்கலே இல்லை.

மூன்றாவது பத்தியில் ஒரு 'ஆனாலும்' வர வேண்டும். அது வரவில்லை. அந்த ஒரு சொல் வராததால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே வரவில்லை. சுவரில் ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆறு ஸ்விட்ச், ஒன்றில் சிவப்பு விளக்கு. ஒரு நிமிடமாவது நின்றிருப்பேன். பிறகு எப்படியோ முடிவுக்குத் தாவிவிட்டேன்.

மதிப்பிட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "தம்பி, மனப்பாடம்ங்கிறது ரயில் பெட்டி மாதிரி. ஒரு கொக்கி கழண்டுச்சுன்னா பின்னாடி இருக்கிறதெல்லாம் அங்கேயே நின்னுரும்" என்றார். தொடக்கத்தில் இரண்டு வாக்கியம், கடைசியில் ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் இருப்பதற்குக் குறிப்புச் சொற்கள் போதும் என்றார். அதையும் தாளில் எழுதாமல் உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில் எழுதச் சொன்னார். அட்டை படபடக்காது.

இதை யாராவது மே 29க்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 13

உரையை நண்பர் போனில் பதிவு செய்திருந்தார். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. இன்று மகள் திறந்துவிட்டாள்.

அந்த ஒரு நிமிட மௌனத்தை அளந்தோம். நான்கு நொடி. நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். நான்குதான். என் முகத்தில் பீதி எங்கே என்று தேடினேன். யோசிக்கிற மாதிரி இருக்கிறேனே தவிர வேறொன்றும் தெரியவில்லை. முழங்கால் வெலவெலத்தது எனக்குத் தெரியும், படத்தில் கால்சட்டை அசையக்கூட இல்லை.

"அப்பா, அதை விடுங்க. எதுக்கு வாட்சைத் திருகிட்டே இருக்கீங்க?" என்றாள். ஆறு நிமிடமும் வாட்சு வாரைத் திருகியிருக்கிறேன். அது எனக்குத் தெரியவே தெரியாது. நான் மறைக்கப் பாடுபட்டது எதுவும் வெளியே தெரியவில்லை. தெரிந்ததை நான் கவனிக்கவில்லை.

இதற்குப் பெயர் இருக்கிறதாம். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கண்ணாடி போலத் தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிற மயக்கம். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் எழுதியிருக்கிறார்கள். பேசப் போகிறவர்களிடம் இந்த மயக்கத்தை முன்கூட்டியே விளக்கிச் சொன்னால், அவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்களாம். எனக்கு இதுதான் இந்த மாதத்தின் உருப்படியான செய்தி. தைரியமாக இரு என்று சொல்வதைவிட, உன் பயம் அவர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்வது எவ்வளவோ மேல்.

ஜூன் 14

பேச்சுக்கலை வீடியோ ஒன்றில் மறுபடியும் அந்தக் கணக்கு: சொற்கள் 7 சதவீதம்தான், மற்ற 93ம் குரலும் உடல்மொழியுமாம். இந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் மெஹ்ரபியனின் 1960களின் சோதனைகள், சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதிராளியின் விருப்பு வெறுப்பை எப்படிக் கணிக்கிறோம் என்பதைப் பற்றியவை. சொற்பொழிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல் 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் பேசினாலும் 93 சதவீதம் புரிய வேண்டுமே. வாட்சைத் திருகக் கூடாது, சரி. அதற்காக என்ன பேசுகிறோம் என்பது ஒன்றுமில்லையா?

ஜூன் 20

தினமும் ஒரு முறை வாய்விட்டு, நின்றுகொண்டு பேசிப் பார்க்கிறேன். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியே இல்லை, மனதுக்குள் எல்லாருமே பேச்சாளர்கள்தான். வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறேன். 'வந்து' வரும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டீச்சர். கடினம். வெறும் மௌனத்தைக் கண்டு பயந்துதான் 'வந்து' வருகிறது.

பம்பாய்க் கோர்ட்டில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்த காந்திக்கு ஒரு கேள்விகூட எழவில்லை. கட்டணம் 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். ஆறுதலுக்காகப் படித்தேன், ஆறுதலாகத்தான் இருந்தது.

குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய அதிகாரம் அவையறிதல். பள்ளியில் இரண்டையும் மதிப்பெண்ணுக்குப் படித்தபோது அந்த வரிசை கண்ணில் படவில்லை. கேட்பவர் யார் என்று பார்த்த பிறகுதானே அஞ்சாமை பற்றிய பேச்சு? நானோ இதுவரை கேட்பவர்களைப் பார்த்ததே இல்லை, ஸ்விட்ச் போர்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 25

அதே நீச்சல் கதை, இரண்டாம் முறை. அட்டையில் ஐந்து சொற்கள்: குளம், மாமா, கயிறு, மூக்கு, கரை. எழுந்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது, வழக்கம்போல. முதல் இரண்டு வாக்கியம் தானாக வந்துவிட்டது. பிறகு ஒரு வாக்கியத்துக்கு ஒருவர் என்று பார்த்துப் பேசினேன். மூன்றாவது வரிசைக்காரர் கையில் பேனா இருந்தது, எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கயிற்றை விட்ட இடத்தில் சிரித்தார்கள். அங்கே சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சிரிப்பின் மேலேயே அடுத்த வரியைச் சொல்லித் தொலைத்தேன். யார் காதிலும் விழவில்லை. நின்றிருக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை எழும்பியது தெரிந்தது. 5 நிமிடம் 20 நொடி. வந்து, ஆறு.

அடுத்த வாரம் நேரம் காட்டுகிற வேலை எனக்கு. மூன்று அட்டைகளையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிவப்பு அட்டையின் ஓரம் பிய்ந்திருக்கிறது, நாளைக்கு ஒட்ட வேண்டும்.