புது லேப்டாப் பேட்டரியை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டாம்

பேட்டரி மாற்றினால் முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் போடச் சொல்வார்கள். அது நிக்கல் பேட்டரிக் காலத்துப் பாடம். இப்போது லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான். நிறைந்ததும் சார்ஜிங் சர்க்யூட் தானே நிறுத்திக்கொள்ளும். பாதி சார்ஜோடு வந்தாலும் அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாம்.

முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை இதைச் செய்யுங்கள். 100 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். பிறகு கழற்றி, தானாக அணையும்வரை ஓட்டி, மறுபடி இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். இது சதவீதக் கணக்கைச் சரிசெய்ய மட்டுமே. பேட்டரிக்கு இதனால் பலம் கூடாது. அடிக்கடி செய்தால் தேய்மானம்தான்.

அதன்பின் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் powercfg /batteryreport என்று அடித்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டியும் (தயாரித்தபோது குறித்த அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் (இப்போது உண்மையில் பிடிக்கும் அளவு) கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புதுசு என்று வாங்கியதில் டிசைன் கெபாசிட்டி 50,000 mWh இருக்க, ஃபுல் சார்ஜ் 40,000 mWhதான் காட்டுகிறதா? தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அது பழைய சரக்கு, அல்லது பழைய செல்லை மாற்றிக் கட்டியது.

இனி ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டு: முழு சார்ஜில் கிடப்பது, சூடு. நிறைந்த செல் 4.2 வோல்ட்டில், சிலவற்றில் அதற்கும் மேலே, நிற்கிறது. அந்த வோல்டேஜில் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கரைசல் மெல்லச் சிதையும். சூடு சேர்ந்தால் வேகமாகச் சிதையும். நாள் முழுக்க பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி, அதிகம் பயன்படுத்தாமலே இப்படித்தான் சாகிறது. பிளக்கை அடிக்கடி பிடுங்கத் தேவையில்லை. 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வரம்பு வைத்தால் போதும். லெனோவோவில் வான்டேஜ் ஆப், ஆசுஸில் மைஆசுஸ் ஆப், டெல்லில் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்) என்று அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100 ஆக்கிக்கொள்ளலாம்.

மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள், அடியில் காற்றுத் துளை அடைபடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைப்பது அதைவிட மோசம்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் 50 சதவீதத்தில் ஷட்டவுன் செய்து வையுங்கள். காலியாக வைத்தால் வோல்டேஜ் மிகவும் இறங்கி, பாதுகாப்பு சர்க்யூட் திரும்ப சார்ஜ் ஏற விடாது.

டச்பேட் மேலெழும்பினாலோ, அடி மூடி பிதுங்கினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.