பிளந்த வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

கேமராவை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கியாயிற்று. திரும்ப ஏற்றப்போவதில்லை.

ஃபிலிம் இல்லை என்று தெரியும். ஆனாலும் ரீவைண்ட் குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே சுருள் இருந்தால் கைக்கு இறுக்கம் தெரியும். இது தடையே இல்லாமல் சுற்றியது. பின்கதவைத் திறந்தால், ஓரத்துக் கறுப்பு ஃபோம் பிசுபிசுத்துப்போய் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வியூஃபைண்டரைப் பார்க்கவில்லை. இன்றைக்கு வேண்டாம்.

மார்ச் 4, புதன்

பேட்டரிகளைக் கழற்றினேன். எல்ஆர்44, இரண்டு. நல்லவேளை, ஒழுகவில்லை. நிக்கான் எஃப்எம்2வில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பற்சக்கரமும். 1 விநாடியிலிருந்து 1/4000 வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமலே ஓடும். இந்த வகை முதலில் வந்தது 1982இல். என்னுடையதன் வரிசை எண் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் 1984இல் வந்த திருத்திய வகை, ஃபிளாஷ் 1/250 வரை ஒத்துப்போகும். ஷட்டர் தகட்டில் தேன்கூட்டு வடிவம் தெரிகிறது. டைட்டானியம். விரல் பட்டாலே கெட்டுவிடும் அளவுக்கு மெல்லியது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை.

கேமராவின் வயது மெதுவான வேகங்களில்தான் தெரியும். மசகு காய்ந்துவிட்டால் 1 விநாடி ஒன்றரை விநாடியாக இழுக்கும், சில சமயம் பாதியில் நின்றேவிடும். பின்கதவைத் திறந்துவைத்து, போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்தேன். 1 விநாடிக்கு 240 படம் வரவேண்டும். 247 வந்தது. மறுபடி எடுத்தேன், 246. இந்த வயதுக்கு மிக நல்ல கணக்கு. 1/4000ஐ இப்படி அளக்க முடியாது. அளக்கவில்லை என்று விற்பனைக் குறிப்பில் அப்படியே எழுதிவிடலாம்.

எழுத வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். கடைசி வரியில் ‘வட்டம்’ என்று மட்டும் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

வலது கண்ணில் ஊசி. எதையும் தொடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கண் சிவந்திருக்கிறது. ஒரு கறுப்புப் புள்ளி மிதக்கிறது, பார்வையை நகர்த்தினால் பின்னாலேயே வருகிறது. இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். போன தடவையும் போனது.

மார்ச் 7, சனி

புள்ளி போய்விட்டது.

காலையில் ஃபோமைச் சுரண்டி எடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி, கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஃபோமைத் தொடவில்லை. அது உதிர்ந்தால், காட்சி தெரியும் குவியத் திரையில் விழும், திரை பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் போயிற்று. ‘மேல் ஃபோம் மாற்றப்படவில்லை’ என்று பட்டியலில் சேர்த்தேன்.

அப்புறம் லென்ஸ். 50 மி.மீ., 1.8. துளையை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நேராகப் பார்த்தால் எந்த லென்ஸும் சுத்தமாகத்தான் தோன்றும். இடது கண்ணால் பார்த்தேன். தூசி உண்டு. முன்கண்ணாடியின் ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று. பூஞ்சையா, பஞ்சு இழையா? பூஞ்சை என்றால் கிளை விட்டிருக்கும். இது கிளை விடவில்லை. ஆனால் கிளை விடவில்லை என்று சொல்வது என் கண். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இழைதாம்பா. தட்டினா நகருது பாருங்க.”

நகர்ந்தது.

மார்ச் 8, ஞாயிறு

விவரக் குறிப்பை நாலு தடவை எழுதி அழித்தேன்.

பழைய கேமரா விற்பவர்கள் எழுதும் வார்த்தைகளை நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ‘சோதிக்கப்படவில்லை’ என்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது. பேட்டரி போட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பாதிப் பேர் சோதித்துப் பார்த்து, ஓடாது என்று தெரிந்துகொண்டு அப்படி எழுதுகிறார்கள். ‘வயதுக்கேற்ற தேய்மானம்’ என்பதும் அப்படித்தான். அடிபட்டு நசுங்கிய வளையத்தையும் அதற்குள் மறைத்துவிடலாம். வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துப் பார்க்க முடியாது. அவருக்கு என் வார்த்தையும் பன்னிரண்டு படமும்தான்.

ஈபே என்ற இணைய ஏலத்தளம் தொடங்கிய கதை ஞாபகம் வந்தது. 1995இல் அதை நிறுவிய பியர் ஒமிட்யார் முதன்முதலாக அதில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். வாங்கியவருக்கு எழுதிக் கேட்டாராம், இது உடைந்தது என்று தெரியும்தானே என்று. தெரியும், உடைந்த பாயின்டர்களைச் சேர்ப்பவன் நான் என்று பதில் வந்ததாம். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது. விற்றபிறகும் கேட்டிருக்கிறார்.

சரி, வட்டம்.

வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், குறுக்கே இரண்டாகப் பிளந்தது. குவியம் சரியில்லையென்றால் மேல்பாதியில் ஜன்னல் கம்பி ஒரு பக்கமும் கீழ்பாதியில் இன்னொரு பக்கமும் விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஒரே கோடாகச் சேரும். சேர்ந்த நொடியில் விரல் தானாக அழுத்தும். முப்பது வருடம் அப்படித்தான்.

இப்போது சேர்வதில்லை. சேரும் இடத்தில் கம்பி வளைகிறது.

திரை கோணலாகியிருக்குமோ என்று டிசம்பரில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒரு குறையும் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

குறிப்பில் இதைப் பற்றி என்ன எழுதுவது?

மார்ச் 9, திங்கள்

எழுதவில்லை. வட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் குறிப்பை முடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஏலத்தில் ஏற்றியாயிற்று. ஏழு நாள். அடுத்த செவ்வாய் இரவு 9 மணிக்கு முடியும். இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற குறைந்தபட்ச விலை எதுவும் வைக்கவில்லை. தொடக்க விலையும் சின்னதுதான். மகளுக்கு அது பிடிக்கவில்லை. “யாராவது சும்மா தூக்கிட்டுப் போயிடுவாங்கப்பா.”

வேண்டுமென்றேதான் பகலில் முடியும்படி வைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, அமைதியாக உட்கார்ந்து விலை கேட்பவர்கள் கையில் போகட்டும்.

மார்ச் 11, புதன்

கவனிப்பவர்கள் 9 பேர். விலை கேட்டவர் யாருமில்லை.

இது இப்படித்தான் நடக்கும் என்று தெரியும். ஒருவர் தன் உச்சத் தொகையை முன்கூட்டியே போட்டுவைக்கலாம். ஆனாலும் அவருக்கு அடுத்து நிற்பவர் கேட்டதைவிட ஒரு படி மேலேதான் விலை நிற்கும். இரண்டாவது ஆள் கேட்கும் தொகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இல் எழுதிய ஏலமுறையை ஒட்டியது இது. அந்த முறையில் உண்மையான மதிப்பை நேராகச் சொல்லிவிடுவதுதான் கேட்பவருக்கு லாபம் என்று அவர் காட்டினார். 1996இல் நோபல் பரிசு அறிவித்து மூன்றே நாளில் இறந்துபோனார். அவர் காட்டியது சரிதான், ஆனாலும் கடைசி நிமிடம் வரைக்கும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒன்பது பேரும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

ஒரு கேள்வி வந்திருக்கிறது.

“குவியம் சரியாக விழுகிறதா? நடு வட்டத்தில் கோடு நேராகச் சேர்கிறதா?”

மார்ச் 13, வெள்ளி

அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நேற்றிரவு தூக்கமில்லை.

காலையில் சோதித்தேன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தடத்தின்மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் ‘பி’யில் ஷட்டரை வைத்து, கேபிளால் திறந்தே பிடித்துக்கொண்டால், லென்ஸ் காட்டும் காட்சி அந்தக் காகிதத்தில் தலைகீழாக விழும். ஃபிலிமில் என்ன பதியுமோ அதுதான் அது. அந்தக் காட்சி கூர்மையாக இருக்கும் இடமும் வட்டத்தில் கோடு சேரும் இடமும் ஒன்றாக இருந்தால் கேமரா சரி. லென்ஸை முழுக்கத் திறந்துதான் பார்க்க வேண்டும். துளையைச் சுருக்கினால் பிழை மறைந்துவிடும்.

வட்டத்தை இடது கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. எஃப்எம்2வில் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவைத்தால்தான் ஒளிமானி உயிர்பெறும், பொத்தானும் விடுபடும். வலது கண்ணால் பார்க்கிறவருக்கு அது தொந்தரவே இல்லை. இடது கண்ணை வைத்தால் லீவர் நேராக நெற்றியில், வலது புருவத்துக்கு மேலே குத்துகிறது. ஜனவரி முழுக்க இடது கண்ணுக்குப் பழக முயன்றேன். அந்த லீவர்தான் விடவில்லை.

இடது கண்ணில் கம்பி சேர்ந்தது. அதே இடத்தில் காகிதத்திலும் கம்பி கூர்மையாக இருந்தது. மூன்று முறை தூரத்தை மாற்றிப் பார்த்தேன். மகளைப் பார்க்கச் சொன்னேன்.

“கோடு நேராத்தான் இருக்குப்பா.”

அவள் கேமராவைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் என்னையே அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரவு பதில் எழுதினேன்: ‘சேர்கிறது. இரண்டு பேர் பார்த்தோம். காகிதத்தில் வைத்தும் சரிபார்த்தேன்.’ அந்தக் காகிதத்தின் படத்தையும் சேர்த்தேன்.

மார்ச் 14, சனி

ஏலத்தை இப்போதே முடித்துத் தனக்கே தந்துவிடும்படி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல தொகை. அவருடைய மற்ற பொருட்களைப் பார்த்தேன், கேமராக்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கிறார். முடியாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற ஷட்டரைப் பிடுங்கி எடுக்கவா இத்தனை வருடம் வைத்திருந்தேன்?

மார்ச் 15, ஞாயிறு

சுவரில் கண் சோதனைக்கான கட்டத்தாள். வலது கண்ணால் நடுப்புள்ளியைப் பார்த்தேன். போன வாரத்தைவிட வளைவு குறைந்திருக்கிறதா? குறைந்த மாதிரிதான் தெரிகிறது. ஊசி வேலை செய்கிறதோ என்னவோ. அப்படியென்றால் அவசரப்பட்டுவிட்டேனா?

மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

இரவில் எழுந்துபோய் இன்னொரு முறை பார்த்தேன். விளக்கைப் போடாமல் போனில் வெளிச்சம் காட்டி. ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

முதல் ஆள் விலை கேட்டுவிட்டார். கவனிப்பவர்கள் 31.

மார்ச் 17, செவ்வாய்

8.50க்கு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். 8.58 வரை அசையவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். கடைசி இருபது விநாடியில் ஐந்து முறை ஏறியது. எண்களைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அவள்தான் படித்துச் சொன்னாள். நான் நினைத்ததைவிட அதிகம். பிரித்து விற்பவர் தந்திருக்கக்கூடியதைவிடவும் அதிகம்.

ஜெயித்தவர், வட்டத்தைப் பற்றிக் கேட்டவர்.

மார்ச் 18, புதன்

பணம் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: “காகிதச் சோதனைக்கு நன்றி. இதுதான் என் முதல் ஃபிலிம் கேமரா.”

முதல் கேமரா என்றால் அவருக்கு லீவரைப் பற்றித் தெரியாது. எந்தக் கண்ணால் பார்ப்பார்? இடது கண்ணால் பார்ப்பவர் என்றால் நான் சொல்லியிருக்க வேண்டும். குறிப்பில் அதை எழுதவேயில்லை. இப்போது எழுதிக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றும்.

மார்ச் 19, வியாழன்

பதில்: “வலது கண்.”

பொதி கட்டினேன். லென்ஸைக் கழற்றி இரண்டுக்கும் மூடி போட்டேன். பேட்டரிகளைத் தனியே வைத்தேன். ஷட்டரை ஏற்றாத நிலையில்தான் அனுப்ப வேண்டும். ஸ்பிரிங் இழுபட்டே கிடக்கக் கூடாது. அதனால் கடைசியாக ஒரு முறை அழுத்தினேன். 1/125. குமிழித்தாள் மூன்று சுற்று, பெட்டிக்குள் பெட்டி, இடைவெளியில் கசக்கிய காகிதம். குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. மகள் டேப்பை நேராக ஒட்டினாள்.

மார்ச் 20, வெள்ளி

போய்விட்டது.

மார்ச் 22, ஞாயிறு

பொதி இருக்கும் இடத்தைக் காட்டும் பக்கத்தில் மாற்றமில்லை. கட்டத்தாள் பார்க்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

அதே இடம். காலையிலிருந்து ஆறு முறை பார்த்துவிட்டேன்.