ஸ்கோப் வாங்கும் முன் வரைபடத்தாளில் ஒரு கணக்கு

சேலத்தில் இலக்குச் சுடுதல் கற்கச் சேரும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது எந்த ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி) நல்லது என்றுதான். அதற்கு முன் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப் பார்வைதான். அந்தப் பாதையில் போகிறவர்கள் இந்தச் செலவையே மறந்துவிடலாம். மேசைமேல் தாங்கு வைத்து, ஸ்கோப்புடன் 50 மீட்டரில் சுடப் பழகுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பயிற்சியாளர், ஸ்கோப் வாங்கச் சம்மதிக்கும் முன் எழுத்துத் தேர்வு ஒன்று வைத்தார். பெரும்பாலும் ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கிழை பற்றிய கேள்விகள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதினால் அவரிடம் மதிப்பெண் கிடைக்காது. படம் போட்டுக் காட்ட வேண்டும். அந்த முறை எனக்கு மிகவும் உதவியது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அடிப்படை எளிது. ரெட்டிகிளின் அளவைச் சொல்ல இரண்டு அலகுகள் உண்டு: மில், எம்.ஓ.ஏ. ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 10 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 50 மீட்டரில் சுமார் 14.5 மி.மீ.

இனி வரைபடத்தாளை எடுங்கள். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டம் 112.4 மி.மீ. விட்டம், நடுவில் பத்தாம் வளையம் வெறும் 10.4 மி.மீ. இரண்டையும் அசல் அளவில் பென்சிலால் வரையுங்கள். இழைமேல் ஒரு மில் இடைவெளியில் புள்ளிகள் வைத்த மில்-டாட் ரெட்டிகிள் பலவற்றில் ஒரு புள்ளியின் அகலம் 0.2 மில். 50 மீட்டரில் அது 10 மி.மீ. அந்த அளவில் கறுப்புத் தாளை வட்டமாக வெட்டிப் பத்தாம் வளையத்தின் மேல் வையுங்கள். சுற்றிலும் பென்சில் கோடு மட்டும்தான் எஞ்சும். நீங்கள் எதைக் குறிபார்க்க வேண்டுமோ, அதையே புள்ளி விழுங்கிவிடுகிறது! மாறாக, எட்டில் ஒரு பங்கு எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே 1.8 மி.மீ. மட்டுமே மறைக்கும். விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள்.

பலரும் தடுமாறும் கேள்வி குவியத் தளம், அதாவது ஸ்கோப்புக்குள் பிம்பம் விழும் இடம். அப்படிப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் ரெட்டிகிள் இருக்கும். முதல் குவியத் தளத்தில் இருக்கும் ரெட்டிகிள், உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகும். அளவு எப்போதும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் இருப்பது கண்ணுக்கு மாறாது. ஆனால் குறிப்பிட்ட ஓர் உருப்பெருக்கத்தில்தான் அளவு பொருந்தும். 10 மடங்கில் ஒரு மில் காட்டும் இடைவெளி, 20 மடங்கில் அரை மில்தான். தூரம் மாறாத இலக்குக்கு இரண்டாம் தளமே போதும் என்பது என் கருத்து. மெல்லிய இழை மெல்லியதாகவே நிற்கும். விலையும் பொதுவாகக் குறைவு.

சித்திரை மதியத்தில் திடல் முழுக்கக் கானல் நெளியும். அப்போது உருப்பெருக்கத்தைக் குறைத்தால்தான் இலக்கு சற்று நிலைக்கும். ஏற்காடு அடிவாரத்து மார்கழிக் காலையில் வேறு சிக்கல்: மங்கிய வெளிச்சத்தில், கறுப்பு வட்டத்துக்குள் மெல்லிய கறுப்பு இழை கரைந்துபோகும். நடுப்புள்ளி மட்டும் ஒளிரும் வகை அங்கே கைகொடுக்கும். ஒளியை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டினால் புள்ளி பரவித் தடித்துவிடும்.

குண்டு விழும் இடத்தைச் சரிசெய்யும் திருகுக் குமிழும் ரெட்டிகிளும் ஒரே அலகில் இருக்கட்டும். மில் ரெட்டிகிளில் குண்டு அரை மில் இடப்புறம் விழுந்ததைக் கண்டால், ஒரு கிளிக்குக்கு 0.1 மில் நகர்த்தும் குமிழை வலப்புறம் ஐந்து கிளிக் திருப்பினால் முடிந்தது. குமிழ் எம்.ஓ.ஏ. ஆக இருந்தால் ஒவ்வொரு முறையும் 3.44-ஆல் பெருக்க வேண்டும். போட்டி நேரத்தில் அதற்கு அவகாசம் ஏது?