வாஷரின் பின்பக்கம்

"அண்ணே, நீங்க எஞ்சினை மட்டும் கட்டிக் குடுங்க. பாக்ஸை பாய் பாத்துக்குவாரு."

வண்டிக்காரத் தம்பி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாக்ஸ் என்றால் கியர்பாக்ஸ், பாய் அதைப் பார்க்கும் மெக்கானிக். பத்து நாளில் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 402 மீட்டர் நேர் ஓட்டப் போட்டி, அந்த அவசரம் அவருக்கு. "பாக்ஸைப் பாக்காம எஞ்சினைத் தர மாட்டேன் தம்பி" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

வண்டி பழைய காண்டசா. உள்ளே டொயோட்டாவின் டூ ஜேஇசட் எஞ்சின், அதோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வேறொரு பட்டறையில் த்ரஸ்ட் வாஷர் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என்னிடம் வந்துவிட்டது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் தாங்குவதுதான் த்ரஸ்ட் வாஷர். இந்த எஞ்சினுக்கு கிராங்க் முன்னும் பின்னும் அசையும் அளவு 0.02 முதல் 0.22 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.30ஐத் தாண்டக் கூடாது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து கிராங்க்கை நெம்பினால் முள் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டிப் போனது. கழற்றிப் பார்த்தால் கிராங்க் சுழலும் மெயின் பேரிங் எல்லாம் புதிது போல இருக்கிறது. வாஷரில் முன்பக்க ஜோடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்க ஜோடி மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தது.

எண்ணெய் இல்லாமலோ தூசியாலோ போயிருந்தால் மற்ற பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும். பின்பக்கம் மட்டும் போனால், கிராங்க்கை யாரோ பின்னாலிருந்து முன்னால் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். கிளட்ச் வண்டியில் பெடலை மிதிக்கும்போது மட்டும்தான் அந்தத் தள்ளு இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் வழியாக எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. அதற்குள் எண்ணெய் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. போட்டியில் பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்து நிற்கும்போது கன்வெர்ட்டரே லேசாக உப்பும். அது உப்பி முன்னால் வர இடம் வேண்டும். பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தபின், கன்வெர்ட்டரைக் கையால் முன்னுக்கு இழுத்தால், கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டைத் தொட 3 முதல் 5 மில்லிமீட்டர் வரவேண்டும். இரண்டையும் சேர்க்கும் போல்ட் போடும் முன் கிராங்க் எவ்வளவு அசைந்ததோ, போட்ட பிறகும் அவ்வளவே அசைய வேண்டும். குறைந்தால் கன்வெர்ட்டர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதெல்லாம் தெரிந்துதான் பேசினேன். ஆனால் தெரிந்ததால் மட்டுமா பேசினேன்? எஞ்சின் மறுபடி போனால் பெயர் கெடுவது எனக்குத்தான், பாய்க்கு இல்லை. அதுவும் மனதில் இருந்தது. மதுரை தெற்குவாசலில் ஒரு எஞ்சின் திரும்பி வந்தால் பொழுது சாய்வதற்குள் காளவாசல்வரை தெரிந்துவிடும்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப பாய் வேலை தப்புங்கறீங்களா?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதானே?

பாய் என்னைவிட மூத்தவர். ஒரு வார்த்தை பேசாமல் வந்தார், அளந்தார். இடைவெளி 2 மில்லிமீட்டர் இருந்தது. குறைவுதான், ஆனால் முட்டவில்லை. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் எண்ணெயை ஆறவைக்கும் கூலருக்குப் போகும் பைப்பைத் தடவிக் காட்டினார். எஞ்சின் மாற்றியபோது யாரோ சேஸிஸ் ஓரமாக வளைத்த இடத்தில் பைப் நசுங்கிக் கிடந்தது. கன்வெர்ட்டரை விட்டு வெளியே வரும் எண்ணெய்க்கு வழி குறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும். என் பேச்சு சரியாகிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை.

அடியில் இருந்தபடியே பாய் கேட்டார்: "எர்த் பட்டை எங்கப்பா?"

இல்லை. புது ரப்பர் மவுண்ட் போட்ட எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பட்டையே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக நேர்வழி கிடைக்காவிட்டால் கிராங்க், கியர்பாக்ஸ் வழியாகப் போகப் பார்க்கும். கிராங்க்கில் வாஷர் உரசும் த்ரஸ்ட் முகத்தில் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டிப் பொறி அடித்து, முகம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பே அப்புறம் வாஷரை அரமாக அறுக்கும். கிராங்க் முகத்தில் சொரசொரப்பு இருந்தது உண்மை. வாஷர் தேய்ந்ததால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அப்படியும் வரும். பாலிஷ் போட்ட பிறகு எதை வைத்துச் சொல்வது?

எல்லாவற்றையும் சேர்த்தே சரிசெய்தோம். பைப் புதிது, பட்டை புதிது, வாஷர் புதிது. பாய் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே இருந்த ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்து இடைவெளியை 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். வேலை என்ற முறையில் இது சரி. எது காரணம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதற்காக அடுத்தவர் எஞ்சினைப் பலி கொடுக்க முடியாது.

அந்தப் போட்டி போய்விட்டது. எஞ்சினை அன்றே கொடுத்திருந்தால் ஒரு போட்டியாவது ஓடியிருக்கும் என்று சில நாள் தோன்றும். 402 மீட்டர் எவ்வளவு நேரம்? அதைத் தாங்கியிருக்காதா? தாங்கியிருக்கலாம். இல்லை, இந்தத் தடவை கிராங்க்கே போய், மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டி வந்திருக்கலாம். பாய் இப்போதும் என் பட்டறைக்கு வேலை அனுப்புகிறார், ஆனால் டீ குடிக்க நிற்பதில்லை.

தம்பிக்கு டயல் கேஜைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கிராங்க்கின் முன்புல்லியில் வைத்து அளந்தால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். நான் கட்டும்போது 0.12. போன போட்டி முடிந்து அவர் அனுப்பியது 0.14. புது வாஷர் படிந்ததில் அவ்வளவு கூடியிருக்கலாம், அவர் கேஜ் பிடித்த கோணமாகவும் இருக்கலாம். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு என்ன எண் வருகிறது என்று பார்க்க வேண்டும்.